நீங்க ஏறுங்க சம்மந்தி

இல்லீங்க, வேண்டாமுங்க. தேங்கா பன்னுங்களா? இருக்கட்டுமுங்க, நீங்க சாப்பிடுங்க. இப்பத்தான் உக்கடத்துல ஒரு டீ குடிச்சுட்டு பஸ் ஏறுனேன். வயிறு திம்முனு இருக்குது.

இந்தப் பை கால்ல இடிக்குதுங்களா? மடில வெச்சுக்கறேன். உள்ள பெருசா ஒண்ணுமில்லீங்க. வசம்பு, சாம்பிராணி, பச்சப்பயறு மாவு, பழைய வேட்டி நாலு கிழிச்சு மடிச்சது. அமெரிக்காவுக்கு அனுப்பலாம்னு கூரியர் ஆபீசுக்குக் கொண்டுட்டுப் போனேன். பொடியா இருக்கறது எதுவும் போகாதுங்கறான். துணி வேணா போகுமாம். மாவு இல்லாம துணிய மட்டும் அனுப்பி என்ன பண்றது? அப்படியே திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன். எனக்குப் பேத்தி பொறந்து பதினோரு நாளாச்சுங்க.

ஆமுங்க, தலைக்குழந்தை. நீங்க போகலீங்களான்னு கேக்கறீங்க பாருங்க, அதையேதான் எங்கூருல எல்லாரும் கேக்கறாங்க. நான் அங்கதான் இருந்தேன். ரெண்டு மாசம் இருந்துட்டு, பிரசவத்துக்கு மூணு வாரம் இருக்கறப்பத் திரும்பி வந்துட்டேன். எல்லாம் என்ற சம்மந்தியம்மா பண்ணுன வேலை. கெணத்துக்கடவு வர்றதுக்குள்ள சொல்லிப்போடறேன், கேளுங்க. இந்த நாயத்த நாலு பேருகிட்டச் சொன்னாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.

எம்பேரு சாந்தாமணிங்க. ஆனமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. பையன் நவநீதன், அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலை. மருமக சிந்துஜா ஈரோட்டுப் புள்ள. அவளோட அம்மாதான் மனோரஞ்சிதம். பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. அவங்க ஊட்டுக்காரர் போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு. நெம்ப நல்லவங்க, குறை சொல்ல முடியாது. சொல்லணும்னா நாலஞ்சு இருக்குது, நான் சொல்ல மாட்டேன்.

மருமகளுக்கு ஏழாம் மாசம் பொறந்ததும் நான் ஒரு ப்ளைட்டுல போயி எறங்கறேன், அதே வாரம் அவங்களும் எறங்கறாங்க. சண்டைகிண்டைன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு வார்த்தை தடிச்சுப் பேசினதில்லை. தெனமும் நான் ஒரு சாம்பார் வெப்பேன், அவங்க ஒரு சாம்பார் வெப்பாங்க, அவ்வளவுதான். நான் துவரம்பருப்பு, அவங்க பாசிப்பருப்பு. அவங்க உப்புப் போட்டத நான் தெரியாம இன்னொருக்காப் போட்டுருவேன். சிந்துஜா ரெண்டையும் தொடாம ரூமுக்குள்ள உக்காந்து பீட்சா தின்னுட்டிருந்தா. மாசமா இருக்கறா பாருங்க, வாய்க்கு ஒண்ணும் புடிக்கல அவளுக்கு.

ஒண்ணரை மாசம் இப்படியே போச்சா, ஒருநாள் நவநீ வர்றான். "அம்மா, அத்தை, உங்க ரெண்டு பேருக்கும் கப்பல்ல டிக்கெட் போட்டிருக்கோம். ஏழு நாள். நல்லா ஊர் சுத்திப் பாத்துட்டு வாங்க"ங்கறான். நாங்க ரெண்டு பேரும் மட்டும்! வயித்துப்புள்ளக்காரியக் கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம், அவளுக்குத் துணைக்கு அவன் இருக்கணுமாம். என்ன பாசம் பாருங்க புள்ளைங்களுக்கு! நாங்க துணிமணி எடுத்து வெக்கக்கூட வேண்டாம்னு மருமகளே பொட்டிய அடுக்கிக் குடுத்துட்டா.

கெளம்பறப்ப அவன் இன்னொண்ணு சொன்னான். "வீடு சின்னதும்மா. பிரசவத்தப்ப ஒருத்தர் இருந்தாப் போதும். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னான். அங்கதாங்க வந்துது வெனை.

தலைப்பிரசவம் பொண்ணப் பெத்தவங்க பாக்கறதுதான் மொறை. நான் இல்லீங்கல. ஆனா மொறைப்படி பொண்ணு அம்மா ஊட்டுக்குப் போகணும். இங்க என்ற பையன் ஊட்டுல இல்ல பிரசவம்? அப்ப மொறை எந்தப் பக்கம்? நீங்களே சொல்லுங்க. இதயே அவங்ககிட்ட நான் கேக்க முடியுமா? சம்மந்தி இல்லீங்களா!

சம்மந்திகிட்ட எப்படிப் பழகோணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? அவங்க உக்காராம நாம உக்காரக் கூடாது. ஒண்ணு குடுத்தா ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லி மூணாவதுக்குத்தான் வாங்கோணும். நம்ம மனசுல இருக்கறத நாமளே சொல்லிரக் கூடாது, அவங்களாப் புரிஞ்சு கேக்கோணும். கப்பல் ரூமுல ரெண்டு கட்டில். ஒண்ணு ஜன்னலோரம், கடல் தெரியும். "நீங்க படுங்க சம்மந்தி"ங்கறேன். "சேச்சே, நீங்க படுங்க"ங்கறாங்க. கடைசில அவங்க கதவோரக் கட்டில்ல, நான் சோபாவுல. ஜன்னல் கட்டில் ஏழு நாளும் காலியாவே கெடந்துது.

பிரசவப் பேச்சும் அதே கதைதான். காப்பி குடிக்கறப்ப நான் ஆரம்பிப்பேன். "நீங்களே இருந்து பாத்துக்கங்க சம்மந்தி." அவங்க உடனே, "அதெப்படிங்க, நீங்க இருந்தாத்தான் மரியாதை." சரின்னு நான் சொல்லியிருக்கலாம். மூணாவது தடவை கேக்கட்டும்னு இருந்தேன். அவங்களும் ரெண்டாவதோட நிறுத்திட்டாங்க, நான் கேக்கட்டும்னு. நாலு நாள் இப்படியே போச்சு.

அஞ்சாம் நாள் ஒரு தீவுல கப்பலக் கட்டுனாங்க. பேரு செயின்ட்டுன்னு ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் பாதி ஊரு செயின்ட்டுல தான் ஆரம்பிக்குது. எறங்கிப் பாத்தா ஒரே பச்சை. எங்க பாத்தாலும் தென்னை, வாழை, மலை மேல மேகம் குந்திட்டிருக்குது. கூட வந்த வெள்ளக்காரங்க ஒரு வாழைமரத்தச் சுத்தி நின்னு போட்டா எடுக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. ரெண்டு கடல் தாண்டி வந்து ஆனமலையவே திருப்பிப் பாத்தவ நானாத்தான் இருப்பேன். தென்னையெல்லாம் நல்லாத்தான் இருந்துது. ஆனா அடி உரம் பத்தாது, மட்டையப் பாத்தாலே தெரிஞ்சுது.

சாயங்காலம் நாலு மணிக்குள்ள எல்லாரும் கப்பலுக்குள்ள இருக்கோணும், நாலரைக்குக் கெளம்பிரும், ஆருக்காகவும் நிக்காதுன்னு காலைலயே மைக்குல சொல்லிட்டாங்க. பாஸ்போர்ட்டெல்லாம் ரூமுல பூட்டி வெச்சிருக்குது. சம்மந்தியம்மாவுக்கு இங்கிலீசு நல்லா வரும். கப்பல்காரங்க கூட்டிட்டுப் போற டூரு வேண்டாம், வெளிய வண்டி புடிச்சுக்கலாம்னு ஆளுக்கு இவ்வளவுன்னு நாலஞ்சு பேர ஏத்தற ஒரு வேனப் புடிச்சாங்க. மலை மேல ஒரு அருவிக்குக் கூட்டிட்டுப் போனான். நம்ம குரங்கருவி மாதிரிதான், குரங்கு மட்டும் இல்லை.

அருவிக்குப் பக்கத்துல வரிசையாக் கடைங்க. ஒரு கடைல ஐவின்னு ஒரு அம்மா, நல்ல கட்டுமஸ்தான ஆளு, தலைல மஞ்சத் துணி கட்டிட்டு ஜாதிக்கா விக்கறாங்க. சம்மந்தி ஒரு காய எடுத்து மோந்து பாத்தாங்க. சரி, அவங்களுக்கு இஷ்டம் போலன்னு நானும் நின்னு ஒண்ண எடுத்துப் பாத்தேன். நான் பாக்கறேன்னு அவங்க இன்னொண்ண எடுத்தாங்க. "மெதுவாப் பாருங்க சம்மந்தி, அவசரமில்லை"ங்கறேன். "நீங்க பாருங்க, எனக்கொண்ணும் அவசரமில்லை"ங்கறாங்க. வேன்காரன் ரெண்டரைக்கு வந்து போலாமான்னு கேட்டான். அவங்க என்னக் காட்டி, இவங்க இன்னும் பாத்து முடிக்கலைன்னு சொன்னாங்க. நான் அவங்களக் காட்டி, இரு சாமி, அவங்க பாக்கட்டும்னு கைய ஆட்டுனேன். அவன் தலையச் சொறிஞ்சுட்டு, மூணேகாலுக்குக் கடைசி வண்டி ஒண்ணு வரும், அதுல வந்துருங்கன்னு சொல்லிட்டு மத்தவங்களக் கூட்டிட்டுப் போயிட்டான்.

கடைசி வண்டியும் வந்துதுங்க. கதவத் தொறந்தா ஒரே ஒரு சீட்டுத்தான் காலி.

"நீங்க ஏறுங்க சம்மந்தி"ன்னேன். "உங்கள இங்க விட்டுட்டு நான் போறதா? நீங்க ஏறுங்க." "எனக்கு இங்கிலீசு தெரியாது, நான் போயி என்ன பண்ண? நீங்க ஏறுங்க." "இங்கிலீசு தெரியாத உங்களத் தனியா விட்டா எம்மாப்பிள்ளை என்ன நெனைப்பாரு? ஏறுங்க." நாங்க நாயம் பேசிட்டிருக்கறப்பவே அரை டவுசர் போட்ட ஒரு தடியன் நடுவுல பூந்து உக்காந்து கதவச் சாத்திட்டான். போயிருச்சு வண்டி. மணி மூணரை. கீழ போகவே முக்கா மணி நேரம் ஆகும்.

அந்த ஐவி எல்லாத்தயும் பாத்துட்டு இடுப்புல கைய வெச்சு நிக்கறாங்க. என்னமோ சத்தம் போட்டாங்க. சம்மந்தியம்மாகிட்ட என்னங்க சொல்றாங்கன்னு கேட்டேன். "கப்பலு போகப் போகுது, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கான்னு கேக்கறாங்க"ன்னாங்க. ஐவியோட தம்பிக்கு ஒரு லாரி இருக்குதாம், வாழைத்தாரு ஏத்திட்டு அந்த வழியாத்தான் போறானாம். கூப்புட்டு நிறுத்துனாங்க. அதுலயும் டிரைவர் பக்கத்துல ஒரே ஒரு சீட்டு!

"நீங்க..."ன்னு நான் வாயத் தொறந்தேன். அவங்களும் "நீங்க..."ன்னு தொறந்தாங்க. ஐவி எங்க ரெண்டு பேரையும் அப்படியே தூக்காத கொறையாப் பின்னாடி தாருங்களுக்கு நடுவுல தள்ளி விட்டுட்டாங்க. முன் சீட்டு காலியாவே போகுது.

மழை புடிச்சுக்கிச்சு. வளைவுக்கு வளைவு வாழைத்தாரு எங்க மேல சாயுது. சீலை முச்சூடும் கறை. அந்த நேரத்துலதாங்க, சம்மந்தியம்மா என்னப் பாத்து, "எல்லாம் உங்களாலதான்! ஜாதிக்காய ஒரு மணி நேரம் பாக்கறதா?"ன்னு கேட்டுட்டாங்க.

"நானா? நீங்க பாக்கறீங்கன்னு நான் நின்னேன்! எனக்கெதுக்கு ஜாதிக்கா? எங்க தோப்புல ஊடுபயிரே ஜாதிக்காதான்! தெனமும் கூடை கூடையாப் பொறுக்கறவ நான்!"

"எனக்கு மட்டும் எதுக்கு? அந்த வாசமே எனக்கு ஆகாது. அப்பப் புடிச்ச தலைவலி இன்னும் போகல!"

"அதச் சொல்றதுக்கென்ன உனக்கு?"

உனக்குன்னு வந்துருச்சுங்க வாயில. சொன்னதும் எனக்கே பகீர்னுச்சு. கல்யாணம் பேசுன நாள்ல இருந்து ஒருக்காக்கூட ங்க போடாமப் பேசினதில்லை. அவங்க கோவிச்சுக்குவாங்கன்னு பாத்தா, "நீ சொன்னியா? நாலு நாளா நீங்க இருங்க, நீங்க இருங்கன்னு சொல்றியே, நெசமாவே உனக்கு இருக்க வேண்டாமா? வாயத் தொறந்து சொல்லு!"ன்னாங்க.

"இருக்கணும்!"னேன். கத்திட்டேன். டிரைவர் திரும்பிப் பாத்தான்.

அப்பறம் என்னால நிறுத்த முடியலீங்க. நவநீ பொறந்தப்ப எனக்கு ஜன்னி கண்டுருச்சு. மூணு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன். ஊட்டுக்கு வர்றப்ப அவன் தலை நிக்க ஆரம்பிச்சுட்டான். பச்சைப்புள்ளையக் கால்ல போட்டு, எண்ணெய் தேச்சு, வெதுவெதுன்னு தண்ணி வாப்பாங்களே, பெத்த புள்ளைக்கு அத நான் செஞ்சதே இல்லை. அதுக்கப்பறம் எனக்கு வேற குழந்தையும் இல்லை. ஊருல ஆரு ஊட்டுல குழந்தை பொறந்தாலும் நான் போயி வாத்து உட்டிருக்கேன். என்ற ஊட்டுக் குழந்தைக்கு வாத்ததில்லை. இதச் சொல்லி அந்த வாழைத்தாரு மேல சாஞ்சு அழுதேனுங்க.

அவங்க என் மேல சாஞ்ச ஒரு தாரத் தள்ளி நிறுத்துனாங்க. அப்பறம், "எனக்கும் இருக்கணும்"னாங்க. "அவரு போனதுக்கப்பறம் எனக்கு அவ ஒருத்திதான். வலில அவ அம்மான்னு கத்தறப்ப நான் ஈரோட்டுல டிவி பாத்துட்டு உக்காந்திருக்கறதா? எனக்குத் தண்ணி வாக்கவெல்லாம் தெரியாது சாந்தா. பேங்குல லீவு இல்லை, ஆயாதான் எல்லாம் பண்ணுனா. ஆனா அவ கைய நான் புடிச்சுக்கணும்"னாங்க.

தண்ணி வாக்கத் தெரியாதவங்களாம், பிரசவம் பாக்கறாங்களாம்னு மனசுக்குள்ள நெனச்சேன். வாயில சொல்லலை.

அப்பத்தான் அவங்க சொன்னாங்க, "இனிமே நமக்குள்ள இந்த நீங்க போங்க, நீங்க ஏறுங்க வேண்டாம். ஒருக்காச் சொன்னா அதுதான் சொல்லு. சரியா?" பேங்குல கை குடுக்கற மாதிரி கைய நீட்டுனாங்க. நானும் குடுத்தேன். ரெண்டு பேரு கையும் வாழைக்கறைல ஒட்டிக்கிச்சு.

கடலோரம் வந்து எறங்கறப்ப மணி நாலு இருபது. கப்பல் ஊஊன்னு ஊதுது. சீலையத் தூக்கிச் சொருகிட்டுக் கையப் புடிச்சுட்டு ஓடுனோம் பாருங்க, அந்த ஓட்டம் நான் பள்ளிக்கூடத்துல கூட ஓடுனதில்லை. லாரிக்காரன் குடுத்த வாழைச்சீப்பு ஒண்ணு சம்மந்தியம்மா கக்கத்துல. மேல கப்பல்ல ஒவ்வொரு மாடிலயும் சனம் நின்னு கையத் தட்டுது, விசிலடிக்குது, போன்ல படம் புடிக்குது. நெம்ப மரியாதையான சனங்க. ரெண்டு பொம்பளைங்க வர்றோம்னு அத்தனை பேரும் எந்திரிச்சு வந்து நின்னாங்களே!

ஏணிகிட்ட வந்து, பழக்கதோசத்துல நான் ஒதுங்கி நின்னேன். சம்மந்தியம்மா திரும்பிக்கூடப் பாக்காம மொதல்ல ஏறிப் போயிட்டாங்க. அப்பவாவது எனக்கு ஒறைச்சிருக்கணும்.

சாயங்காலம் குளிச்சு முடிச்சு அந்தப் பழத்தப் பிச்சுத் தின்னுட்டிருந்தோம். நல்ல ருசி. எனக்கு மனசு எளகிப் போயிருந்துது. அந்தம்மா வாழைத்தாருக்கு நடுவுல உக்காந்து சொன்னதே காதுல கேட்டுட்டிருக்குது. "பிரசவத்துக்கு நீங்களே இருங்க சம்மந்தி"ன்னேன்.

"சரிங்க"ன்னாங்க. சொல்லிட்டு அடுத்த பழத்த எடுத்து உரிக்கறாங்க!

நீங்களே சொல்லுங்க, இது நாயமா? ஒருக்காச் சொன்னா அதுதான் சொல்லுன்னு கை குடுத்தது நெசந்தான். நான் மனசாரச் சொன்னதும் நெசந்தான். அதுக்காக, மனசாரச் சொன்னா மட்டும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்ல வேண்டாமா? "சேச்சே, அதெப்படிங்க"ன்னு ஒருக்கா சொல்லியிருந்தா, நானும் "பரவால்லீங்க, நீங்களே இருங்க"ன்னு கெத்தாச் சொல்லிட்டு வந்திருப்பேன். வெடுக்குனு சரின்னா? கப்பல விட்டு எறங்கி நவநீகிட்டச் சொன்னதும் அவன் அங்கயே போன எடுத்தான். அன்னைக்கே எனக்கு டிக்கெட் போட்டுட்டான். அம்மா டிக்கெட்டுக்கு அலையக் கூடாதுன்னு புள்ளைக்கு என்ன அக்கறை பாருங்க.

ஒத்தக்கால்மண்டபம் வந்துருச்சுங்களா? ஏனுங்க, கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்களும்தான் நான் ஒருக்கா வேண்டாம்னதும் பன்னப் பைக்குள்ள வெச்சுட்டீங்க. இந்தக் காலத்துல எல்லாரும் இப்படித்தான் இருக்கறாங்க.

அடடா, போனு அடிக்குது. பாருங்க, அவங்களேதான். நூறாயுசு!

அலோ... சொல்லுங்க சம்மந்தி... ஆமுங்க, பஸ்ஸுல. சத்தமாப் பேசுங்க... பாப்பா என்ன பண்றா? தொப்புள்கொடி விழுந்துருச்சா? எப்ப? சரி, சரி, நல்லது... அப்பறம் தண்ணி வாத்தாச்சுங்களா? ... இல்லையா? ஏன்? ... நவநீ குழந்தையக் குளிப்பாட்டற தொட்டி வாங்கிட்டு வந்தானா? தொட்டி வேண்டாம்னு சொல்லிட்டீங்களா, எதுக்கு? பாட்டி வந்துதான் வாத்து உடணும்னா? எந்தப் பாட்டி?

...

நானா?

...

அடடா, எனக்காக எதுக்குங்க சம்மந்தி... அதுவரைக்கும் துணியில தொடைச்சு உடறீங்களா... இல்லீங்க, இங்க தேங்கா வெட்டு இருக்குது. நான் வந்துட்டா எங்க ஊட்டுக்காரருக்குச் சோத்துக்குச் செரமம். எனக்கெதுக்குங்க அத்தனை தூரம், நீங்களே அந்தத் தொட்டிக்குள்ள வெச்சு... என்ன, சரிங்களா? அலோ! சரின்னா என்ன சரி? சம்மந்தி! வெச்சுராதீங்க! மனோரஞ்சிதம்! வர்றேன்! நான் வர்றேன்! ஒருக்காத்தான் சொல்றேன், வர்றேன்!

கண்டக்டரு என்ன தம்பி பாக்கற? ஊட்டுல குழந்தை பொறந்திருக்குது!

... ஆமா, கேக்குது. சிரிக்காதீங்க. நவநீயே டிக்கெட் போடறேன்னானா? நாளைக்கே போடச் சொல்லுங்க. ஜன்னல் சீட்டு. ஆமா, ஜன்னல்தான், நீங்க கேக்கறதுக்கு முன்னாலயே சொல்லிப்போடறேன். மாவு, வசம்பு எல்லாம் நானே பொட்டில வெச்சு எடுத்தாறேன். குழந்தை மேல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது, சொல்லிட்டேன்!

வெச்சுட்டாங்க.

ஏனுங்க... அந்த பன்னு இன்னும் இருக்குதுங்களா? குடுங்க இப்படி. காலைல இருந்து நான் ஒண்ணுமே சாப்பிடலை.